ஒரு நாள் முந்திக் கட்டிய கடன்

என் கணவர் ஜலாலின் புகைப்படம் கே.கே. நகரில் உள்ள ஒரு வங்கிக் கிளையின் சுவரில் ஒரு வருடம் தொங்கியது. கடன் வாங்கிக்கொண்டு ஓடிப்போனவர்களின் படத்தைத்தான் வங்கிக்காரர்கள் ஒட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது அதற்கு நேர் எதிரான படம். தோளில் சால்வை, கையில் பூங்கொத்து, கீழே ‘முன்மாதிரி வாடிக்கையாளர்’ என்று எழுத்து, ஓரத்தில் தேதி: 28.02.2020. அந்தத் தேதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நடந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன். யார் முட்டாள் என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். பட்டியலில் சைனப் என்று என் பெயரையும் சேர்த்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

நெல்பேட்டையில் எங்களுக்குப் பாத்திர வாடகைக் கடை. கல்யாணம், காதுகுத்து, பூப்பு நீராட்டு, கட்சிக்காரர் போடும் கறிவிருந்து என்று எதுவானாலும் அண்டா, வாளி, கரண்டி எல்லாம் எங்களிடமிருந்து போகும். பிரியாணி ஆக்கும் பெரிய செம்புத் தேக்சாக்கள்தான் எங்கள் கடைக்குப் பெருமை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு உருப்படி. ஒவ்வொன்றிலும் விளிம்புக்குக் கீழே ‘ஜலால் – சைனப்’ என்று பெயர் வெட்டியிருக்கும். ஒரே மண்டபத்துக்கு நாலு கடைப் பாத்திரம் வரும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்காக. கடை போட்ட வருடம், பெயர் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி சொன்னார். வீட்டம்மா பெயரை விட்டுவிட்டால் பாதிச் செலவு மிச்சம் என்று யோசனையும் சொன்னார்.

“கழுவுறதுல பாதி அவதான கழுவுறா. பேரையும் பாதி வெட்டுங்க” என்றார் இவர்.

இப்படிப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்துவது சுலபம். வியாபாரம் நடத்துவதுதான் கஷ்டம். வட்டி ஹராம் என்று அதுவரை ஒரு கடன்கூட வாங்காமல் இருந்தவர். 2019 கடைசியில் பசுமலைப் பக்கம் இரண்டு பெரிய மண்டபங்கள் திறந்தார்கள். ஆயிரம் பேர் சாப்பாட்டுக்குப் பாத்திரம் தர முடியுமா என்று கேட்டு ஆள் வந்தது. எங்களிடம் அவ்வளவு இல்லை. வேறு வழியில்லாமல் அந்த வங்கியில் நாலு லட்சம் வாங்கினோம். மாதாமாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், அசலை முடிந்தபோது கட்டலாம் என்ற ஏற்பாடு.

கடன் வாங்கிய நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. “சோத்துல கை வச்சா வட்டி ஞாபகந்தான் வருது” என்பார். கோழிக் குழம்பைப் பார்த்துக்கூட அப்படிச் சொன்னால் எந்தப் பெண்ணுக்குத்தான் கோபம் வராது? சரி, இந்தச் சனியனைத் தலைமுழுகிவிடலாம் என்று நான்தான் முடிவெடுத்தேன். என் ஆறு பவுன் வளையலைக் கழற்றினேன். அவர் கேட்கவில்லை, நானேதான் கழற்றினேன். அந்தக் கல்யாண சீசனில் வந்த காசு, மக்காவுக்கு உம்ரா போகவென்று சேர்த்து வைத்திருந்தது எல்லாவற்றையும் அதோடு போட்டு, பிப்ரவரி இருபத்தெட்டு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு போய் அசல் முழுவதையும் கட்டினோம்.

கிளை மேலாளர் சூரியபிரகாஷ் முதலில் திகைத்துப்போனார். பிறகு ஆளனுப்பி சால்வை வாங்கிவரச் சொன்னார்.

“என் சர்வீஸ்ல நாலு மாசத்துல கடனை முடிச்ச ஆளை நான் பார்த்ததில்ல பாய்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். வெளியே வந்ததும் இவர் புரோட்டாக் கடையில் நின்று ஆறு புரோட்டா சாப்பிட்டார். நாலு மாதத்துப் பசி.

அடுத்த மாதமே கொரோனா என்று ஊரை அடைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். ஐம்பது பேருக்கு வீட்டுக் குக்கர்களே போதும், தேக்சா எதற்கு? பாத்திரங்களைக் கவிழ்த்து அடுக்கினோம். அடுக்கியது அடுக்கியபடியே கிடந்தது. கடைக்கும் பாத்திரம் அடுக்கும் கிட்டங்கிக்கும் சேர்த்து மாத வாடகை இருபதாயிரம். கட்டடக்காரர் இரண்டு மாதம் பொறுத்தார், மூன்றாம் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஜூலையில் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: “நாலு மாச வாடகை எண்பதாயிரம். அடுத்த மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா எடத்தக் காலி பண்ணிருங்க பாய். எனக்கும் குடும்பம் இருக்கு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் எங்கே போவது? எங்கள் வீட்டில் ஆள் படுக்கவே இடம் பற்றாது. எண்பதாயிரம் வந்தால் கடை நிற்கும், வராவிட்டால் கடை போகும். பிரச்சினை அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் டி.வி.யில் அவசரக் கடன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு, அடமானம் இல்லாமல், அரசாங்கமே உத்தரவாதம் நின்று தருகிறதாம். இவருக்கு மறுபடி வட்டி என்றதும் முகம் செத்துப்போனது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தம் என்றால் மார்க்கத்தில் சலுகை உண்டு, அல்லாஹ் மன்னிக்கிறவன் என்று அவர் சொல்லி அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆதார் நகல்கூட அவர் கேட்கவில்லை. மார்க்கத்திலேயே தகுதி கிடைத்துவிட்டது, வங்கியில் கிடைக்காமலா போகும் என்று நம்பிக் கிளம்பினோம்.

மாஸ்க் மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். மேலாளர் எதிரே இவர் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் மேலேதான் அந்தப் படம். சால்வையோடு சிரிக்கிற ஜலால் மேலே, மாஸ்க்கோடு வேர்க்கிற ஜலால் கீழே.

“உங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறோம் பாய்!” என்று சூரியபிரகாஷ் உற்சாகமாகக் கம்ப்யூட்டரைத் தட்டினார். தட்டத் தட்ட உற்சாகம் குறைந்தது. “பாக்கி ஜீரோன்னு காட்டுதே?”

“ஆமா சார். கட்டிட்டோம்ல? நீங்கதான சால்வ போட்டீக?”

“அதான் பாய் சிக்கல். பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி கணக்குல எவ்வளவு பாக்கி நின்னுச்சோ, அதுல நூத்துக்கு இருபதுதான் இந்தத் திட்டத்துல தர முடியும். உங்க நாலு லட்சம் அப்படியே நின்னிருந்தா இந்நேரம் எண்பதாயிரம் கைக்கு வந்திருக்கும். இப்ப ஜீரோவுக்கு இருபது பர்சென்ட் போட்டா…” அதையும் அவர் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். பூஜ்யம் என்றுதான் வந்தது. எதற்கும் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்.

எண்பதாயிரம்! கட்டடக்காரர் கேட்ட அதே தொகை. ஒரு பைசா கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வளையல் இல்லாத மணிக்கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

“நீங்க இருபத்தெட்டாம் தேதி கட்டியிருக்கீங்க. ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?” என்று மேலாளர் வருத்தப்பட்டார்.

“சார், இருபத்தொன்பதுங்கிறது நாலு வருசத்துக்கு ஒருக்கா வார நாளு. அதப் போயி எல்லக் கல்லா நட்டு வச்சிருக்கீகளே! நோய் வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்னா எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சைனப், சும்மா இரு” என்றார் இவர்.

நான் சும்மா இருக்கவில்லை. “சரி, அவசரக் கடன் வேணாம் சார். முன்னாடி குடுத்தீகள்ல, அது மாதிரி சாதாரணக் கடனே குடுங்க.”

“அதுக்குக் கடைசி ஆறு மாச வியாபாரத்தைக் காட்டணும்மா.”

“நாலு மாசமா ஊருல விருந்தே இல்லையே சார்.”

“அதையேதாம்மா நானும் சொல்றேன். உங்க தொழில் இப்ப ரொம்ப அவசரமான நிலைமைல இருக்கு. அப்படி இருக்கிறவங்களுக்குச் சாதாரணக் கடன் தர ரூல்ஸ் இடம் தராது.”

“அப்ப அவசரக் கடன்?”

“அதுக்கு நீங்க தகுதி இல்லையேம்மா.”

சூரியபிரகாஷ் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு டீ வரவழைத்தார். டில்லியிலிருந்து வந்த சுற்றறிக்கையைத் திருப்பி வைத்து வரி வரியாகக் காட்டினார். எத்தனையோ விதமான ஆட்கள் அதில் இருந்தார்கள். பாக்கி வைத்தவர், கூடுதலாகப் பாக்கி வைத்தவர், தவணையை இழுத்தடித்தவர், அறுபது நாள் வரைக்கும் இழுத்தடித்தவர் என்று எல்லாருக்கும் ஒரு வரி உண்டு. ஒழுங்காகக் கட்டி முடித்தவனுக்கு மட்டும் வரி இல்லை. அப்படி ஒருவன் இருப்பான் என்று எழுதியவருக்குத் தோன்றவே இல்லை போலும்.

நாங்கள் எழுந்தபோது அழகுபாண்டி உள்ளே வந்தான். பேரையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். இங்கே வந்து கேன் தண்ணீர்க் கம்பெனி வைத்து நன்றாக இருக்கிறான். எங்கள் பாத்திரம் போகிற விருந்துக்கெல்லாம் அவன் தண்ணீரும் போகும் என்பதால் பல வருடப் பழக்கம். அவனுக்கு அந்த வங்கியில் இருபத்தைந்து லட்சம் கடன். எந்தத் தவணையையும் அவன் உரிய நாளில் கட்டியதில்லை, ஐம்பத்தொன்பதாம் நாள்தான் கட்டுவான். அறுபது நாளைத் தாண்டினால் வங்கி கறுப்புப் புள்ளி வைத்துவிடும் என்பதால், ஐம்பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்துவிடுவான். தொழுகைக்குப் போகிறவர்களிடம் கூட இந்த நேரம் தவறாமையை நான் பார்த்ததில்லை.

சூரியபிரகாஷ் அவனைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: “வாங்க அழகுபாண்டி. உங்களுக்கு அஞ்சு லட்சம் சாங்ஷன் ஆயிருச்சு.”

“எனக்கு எதுக்கு சார்? தண்ணி நல்லாத்தான போகுது? ஆஸ்பத்திரிக்கே தினம் எரநூறு கேன் போடுறேன்.”

“சிஸ்டமே குடுத்துருச்சு. கையெழுத்து மட்டும் போடுங்க.”

அவன் என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டான்.

எங்கள் வாடகை விஷயம் காதுக்கு எட்டி, அடுத்த வாரம் அவனே கடைக்கு வந்தான். “அண்ணே, அஞ்சு லட்சம் சும்மா கெடக்கு. எண்பதாயிரத்தத் தூக்கிக்கோங்க. ரெண்டு வட்டி போதும். வெளிய நான் மூணு வட்டிக்கு விடுவேன். உங்களுக்காகத்தான் கொறச்சுச் சொல்றேன்.”

அரசாங்கம் எங்களுக்காக அனுப்பிய பணம், அழகுபாண்டி வழியாக, மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. சுற்று வழியாக வந்தாலும் வந்து சேர்ந்ததே என்று நான் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

“ஒரு வட்டிய முடிக்க வளையலக் கழட்டுன. இந்த வட்டிக்கு எதக் கழட்டுவ?” என்று இவர் கேட்டார். வருமானமே இல்லாத வீட்டில் மாதம் ஆயிரத்து அறுநூறு வட்டி எங்கிருந்து வரும்? அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அழகுபாண்டி தலையைச் சொறிந்தான். “அப்ப ஒண்ணு பண்ணலாம்ணே. பாத்திரம் அம்புட்டையும் எனக்குக் குடுத்துருங்க. மூணே கால் லட்சம் தாரேன். கிட்டங்கி என் பேருக்கு மாறிரும், வாடகை நான் பாத்துக்குவேன். நீங்க எங்கயும் போக வேணாம். மாசம் பதினஞ்சாயிரம், கடையை நீங்கதான் பாத்துக்கணும். எனக்குத் தண்ணியத் தவிர என்ன தெரியும்?”

அவனிடம் வஞ்சகம் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். வஞ்சகன் என்றால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம். அவன் உதவி செய்கிறான், நாங்கள் கடையை இழக்கிறோம், இரண்டும் ஒரே காரியமாக இருந்தது. ஆகஸ்டு கடைசியில் நானூற்றுப் பன்னிரண்டையும் எண்ணி ஒப்படைத்தோம். பெயரை அரமெடுத்து அழித்துவிடவா என்று இவர் கேட்டதற்கு அழகுபாண்டி பதறிப்போனான்.

“இருக்கட்டும்ணே. ராசியான பேரு. அந்தப் பேரப் பாத்துத்தான் கஸ்டமர் வாராக.”

வாடகை பாக்கி போக மிச்சத்தை வேலையாட்களின் பழைய சம்பளத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் கொடுத்தோம். மறுநாள் காலை அதே கடை, அதே சாவி, அதே ஜலால். ஷட்டரைத் தூக்குவதற்கு முன் இவர் ஒரு நொடி நின்று, அழகுபாண்டிக்குப் போன் போட்டு, “தெறக்கவா?” என்று கேட்டார். அன்றைக்கு நான் அழுதேன். பெயரில் பாதி, கழுவுவதில் பாதி என்று இருந்தவள், கழுவுவது மட்டும் மிச்சமாக நின்றேன்.

அவசரக் கடனைத் தொழிலில் போட்டதாக வங்கிக்குக் காட்ட வேண்டுமாம். அதனால் இவருடைய சம்பளத்தை அழகுபாண்டி கையில் தராமல் மாதாமாதம் கணக்கில்தான் போட்டான். தவணைக்குத்தான் ஐம்பத்தொன்பது நாள் எடுத்துக்கொள்வானே தவிர, சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும்.

மார்ச் மாதம் வந்தது. விருந்துகள் மெல்லத் திரும்பின. பசுமலை மண்டபத்தில் நானூறு பேர் சாப்பாட்டுக்குத் தேக்சாக்களை இறக்கிக்கொண்டிருந்தோம். சூரியபிரகாஷ் ஒரு போட்டோகிராபரோடு வந்து இறங்கினார். அவசரக் கடனால் பிழைத்து எழுந்த தொழில்கள் என்று தலைமை அலுவலகம் ஒரு புத்தகம் போடுகிறதாம். இந்த வட்டாரத்துக்கு அழகுபாண்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

எட்டுத் தேக்சாக்களை வரிசையாக நிறுத்தினார்கள். முந்தின நாள்தான் நான் புளி போட்டுத் தேய்த்திருந்தேன், கண் கூசியது. அழகுபாண்டி வெள்ளைச் சட்டையில் நடுவில் நின்றான். போட்டோகிராபர் கேமராவுக்குள் பார்த்துவிட்டு, “சார், பாத்திரத்துல வேற ஏதோ பேரு விழுது” என்றான்.

சூரியபிரகாஷ் எங்கள் பக்கம் பார்க்காமல், “கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பிருங்க பாய்” என்றார்.

“இருந்துட்டுப் போகட்டுமே சார்” என்று அழகுபாண்டி முனகினான். யாரும் காதில் வாங்கவில்லை.

இவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். தரையில் உரசாமல், சத்தம் வராமல் தேக்சாவைத் திருப்புவதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும். எட்டுப் பெயரும் சுவரைப் பார்த்தன. பிறகு தொழிலாளி ஒருவர் பின்னால் நின்றால் நன்றாக இருக்கும் என்று போட்டோகிராபர் சொன்னதால், பெரிய கரண்டியைக் கையில் கொடுத்து இவரையே நிறுத்தினார்கள். எனக்கு அந்தக் கரண்டியைப் பிடுங்கி யார் தலையிலாவது போட வேண்டும் போலிருந்தது. யார் தலையில் போடுவது என்று பார்த்தால் அங்கே ஒரு தலையும் அதற்குப் பொருத்தமாக இல்லை. போட வேண்டிய தலை சுற்றறிக்கை எழுதிக்கொண்டு டில்லியில் இருந்தது.

படம் எடுத்து முடித்ததும் சூரியபிரகாஷ் காரிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். பிரித்தேன். சால்வை போட்ட ஜலால். “சுவத்துல ஒரு ஆணிதாம்மா இருக்கு. புதுப் படம் மாட்டணும். தூக்கிப் போட மனசு வரல” என்றார்.

பிறகு குரலை உயர்த்திக்கொண்டு இவரிடம் திரும்பினார். “இன்னொரு நல்ல செய்தி பாய். உங்க கணக்குல ஆறு மாசம் ஒழுங்காச் சம்பளம் ஏறியிருக்கு. சிஸ்டமே உங்களைத் தேர்ந்தெடுத்துருச்சு. சம்பளக்காரங்களுக்கான தனிநபர் கடன். ஒரு பேப்பர் வேணாம். எண்பதாயிரம்!”

இவர் கரண்டியைக் கீழே வைத்தார். “எதுக்கு சார் குடுக்குறீக?”

“ஏதாவது அவசரம்னா உதவும்ல?”

இவர் திரும்பி நின்ற எட்டுத் தேக்சாக்களையும் ஒரு தடவை பார்த்தார். “அவசரம் முடிஞ்சிருச்சு சார்” என்றார்.

சூரியபிரகாஷுக்கு அது விளங்கவில்லை. “அப்படிச் சொல்லாதீங்க பாய், மெதுவா யோசிங்க. முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு.”

“கவலப்படாதீக சார், ஒரு நாள் முந்தி வந்துற மாட்டோம்” என்று நான் சொன்னேன். படத்தை அதே செய்தித்தாளில் சுற்றிவிட்டு, தேக்சாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பெயர் தெரியும்படி வைக்க ஆரம்பித்தேன்.